மதியக் காட்சியில் வேறு முடிவு

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “மறக்க முடியாத இந்திப் படம்னு ஒரு சிறப்பிதழ் போடறோம், நீங்களும் எழுதணும்” என்றார். எனக்கு இந்தி தெரியாதே என்றேன். “படிக்கிறவங்களுக்கும் தெரியாது சார், தைரியமா எழுதுங்க” என்றார். இவ்வளவு நேர்மையான ஆசிரியரை நான் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

முதல் வாக்கியம் இப்படி வந்தது:

நினைவை இழந்த ஒருவனின் கதையை நான் முதன்முதலாகத் திரையில் கண்டபோது என் உள்ளத்தில்—

நிறுத்திவிட்டேன். ‘உள்ளத்தில்’ என்று எழுதிவிட்டால் அங்கே எதையாவது கொண்டுபோய் வைத்தாக வேண்டும். அடுத்த முயற்சி:

அந்தத் தியேட்டரில் ஒரு மின்விசிறி இருந்தது. அதன் காற்றில் முன்வரிசைக்காரர்களின் மீசை ஒரே பக்கமாக வளர்ந்திருக்கும். தெருவில் ஓர் ஆளைப் பார்த்தாலே, இவர் எந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் என்று—

இது முழு உண்மை. ஆனால் படத்துக்குச் சம்பந்தமில்லாத உண்மை. [கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். கதைதானே, இங்கே இருந்துவிட்டுப் போகட்டும்.]

மூன்றாவது முறை நேராகப் படத்துக்குள்ளேயே போய்விட்டேன். வானொலியில் செய்தி வாசிக்கும் ஒருவன் விபத்தில் தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறந்துவிடுகிறான். மனைவியையும் தெரியவில்லை. அவள் அவனைப் பழைய இடங்களுக்கெல்லாம் கூட்டிப் போகிறாள். குடியிருந்த மாடி அறை, துணி தைக்கக் கொடுத்த கடை, கல்யாணத்துக்கு முன்னால் சந்தித்த பூங்கா. நடுநடுவே பழைய நாட்களைப் பற்றிப் பாட்டு. அவன் மரியாதையாக எல்லாவற்றையும் பார்க்கிறான், வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவன் மாதிரி. கடைசியில் அவள் மனம் வெறுத்துத் துணிமணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்து, வெளிப்பக்கமிருந்து கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள். அப்புறம் பூங்காவில், மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் வருகிறான். அவளுடைய செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் திரும்புகிறாள். முடிந்தது.

நான் அழுதேன் என்றும் எழுதினேன். அது உண்மை. அதோடு கட்டுரையும் முடிந்தது.

2

என் மனைவி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் எழுதுவதை அச்சுக்கு முன்னால் படிப்பது அவள்தான். பிழையிருந்தால் பென்சிலால் ஒரு கோடு இழுப்பாள், பேச மாட்டாள். அன்றைக்குக் கடைசிப் பத்தி முழுவதையும் சேர்த்து ஒரே கோடு.

“என்ன, எழுத்துப் பிழையா?”

“முடிவே பிழை. அவன் கூப்பிட்டப்புறம்தான் அவ பெட்டியைக் கட்டிட்டுப் போவா.”

“அவன்தான் அடையாளம் கண்டுக்கிட்டானே, அப்புறம் எதுக்குப் போகணும்?”

“கண்டுக்கிட்டதாலதான் போறா. மறந்திருந்தவரைக்கும் ரொம்ப நல்லவனா இருந்தானே, நீங்க கவனிக்கலையா? அவன் அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்த நிமிஷம் அவ முகத்தைப் பாத்தீங்களா? பழைய ஆள் திரும்பி வந்துட்டான்னு தெரிஞ்சுபோச்சு அவளுக்கு.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவளும் நானும் அந்தப் படத்தை ஒரே நாளில், ஒரே காட்சியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அங்கேதான் சந்தித்தோம். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போக, நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தோம். “முடிஞ்சுதா?” என்று அவள் கேட்டாள். “அப்படித்தான் நினைக்கிறேன்” என்றேன். எங்கள் கல்யாணத்துக்கு இதைவிட நீளமான ஆரம்பம் கிடையாது.

“அப்ப நீ எதுக்கு அன்னிக்கு அழுதே?”

“அவ போனதுக்கு. நீங்க?”

“அவ திரும்பினதுக்கு.”

இத்தனை வருஷமாக ஒரே விஷயத்துக்கு அழுததாக இருவருமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

3

இதை வெறும் புருஷன் பெண்டாட்டிச் சண்டையாக விட்டிருக்கலாம். விடமுடியாமல் போனதற்குக் காரணம் பால்.

அந்தச் சமயம் எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு முறை பால் காய்ந்து கருகி, பாத்திரமும் கருகி, புகை மாடிப்படிவரை போயிருந்தது. முதல் முறை யாருக்கும் தெரியாது. இரண்டாம் முறை பக்கத்து வீட்டுக்காரர் கதவை இடித்தார். அடுப்பில் வைத்தது யார் என்று கேட்டால் நான் அவளைக் காட்டினேன், அவள் என்னைக் காட்டினாள். இருவருமே மனதாரக் காட்டினோம்.

எங்கள் மகள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் பொய் சொல்கிறார்களா என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. [என் மகளுக்கு இந்த வேலை கிடைத்தது பரம்பரைக்கு எதிரான ஒரு புரட்சி.] அவள் வந்தாள். கருகின பாத்திரத்தைப் பார்த்தாள். கட்டுரையையும் பென்சில் கோட்டையும் பார்த்தாள். எங்கள் இருவரையும் சோபாவில் உட்கார வைத்து, எதிரே நாற்காலி போட்டுக்கொண்டாள்.

“அம்மா, பெஞ்சுல அவ உக்காந்திருக்கும்போது கையில பெட்டி இருந்ததா?”

“கைப்பைதான் இருந்தது.”

“அப்பா?”

“பெரிய பெட்டி. அதுமேல தலையைச் சாய்ச்சிருந்தா.”

“அது பெஞ்சோட கைப்பிடி” என்றாள் என் மனைவி.

மகள் போனில் படத்தைத் தேடினாள். ஒரே ஒரு பாட்டு கிடைத்தது, அதிலும் பாதியில் விளம்பரம். படம் எங்கும் இல்லை. மறதியைப் பற்றிய படம் அதன் தொழிலை ஒழுங்காகச் செய்திருக்கிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“ரெண்டு பேரும் நான் சொல்றதைக் கேளுங்க. உங்கள்ல ஒருத்தருக்கு மறதின்னா இன்னொருத்தர் பாத்துக்கலாம். அப்ப நீங்க இங்கேயே இருக்கலாம். ஆனா ரெண்டு பேருக்குமேன்னா யார் யாரைப் பாத்துக்கறது? வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். உங்க மாப்பிள்ளைகிட்டயும் பேசிட்டேன். அதனால யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

வாசகரே, இப்போது கவனியுங்கள். எங்களில் ஒருவர் சரியாக இருந்தாக வேண்டும். ஒருவர் போதும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் வீடு நிற்கிறது.

4

இங்கே ஒரு சிக்கல். கதையின் முதல் வடிவத்தில் மறதிக்காரியாக மனைவியைத்தான் எழுதியிருந்தேன். மிக உருக்கமாக வந்தது. அவள் சீப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதாக ஒரு காட்சி. படித்தால் கல்லும் கரையும். அப்புறம்தான் யோசித்தேன். எங்கள் வீட்டில் சீப்பு குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது உண்மை. ஆனால் என் தலையில் ஒரு முடிகூட இல்லாததால் அது அவள் வைத்தது என்று முடிவுகட்டியிருந்தேன். முடி இல்லாதவன் சீப்பை எடுக்கக் கூடாது என்று சட்டமா? மறந்துபோய் எடுத்திருந்தால்?

அந்த வடிவத்தைக் கிழித்துவிட்டேன். இரண்டாம் வடிவத்தில் மறதிக்காரன் நான். அது வாசிக்க நன்றாக இல்லை. மறதிக்காரன் சொல்லும் கதையை நீங்கள் எப்படி நம்புவீர்கள்?

(ஆகவே இது மூன்றாம் வடிவம். இதில் யாருக்கு மறதி என்பது எழுதுகிறவனுக்கும் தெரியாது. உத்தி என்று விமர்சகர்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.)

5

அந்தத் தியேட்டரில் படம் ஓட்டியவர் இன்னும் இருக்கிறார். அவர் பட்டப்பெயர் கார்பன். அந்தக் காலத்துப் புரொஜக்டரில் கார்பன் குச்சி எரிந்துதான் வெளிச்சம் வரும். பகலெல்லாம் அந்தப் புகையில் நின்றதால் அவர் தும்மினால் கைக்குட்டையில் படம் விழும் என்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைதான்.

டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். மகள் எங்கள் இருவரையும் சாட்சிகளைப் போலப் படியேற்றிக் கூட்டிப்போனாள். கார்பன் டீ போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்ததும், “உக்காருங்க, டீ போடறேன்” என்று மறுபடி போட்டுக் கொடுத்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் குடித்தோம்.

“அந்தப் படமா?” என்றார். “ஒரு பிரிண்ட்டு, ரெண்டு தியேட்டரு. அங்க ஓடின ரீலைப் பெட்டியில போட்டு இங்க கொண்டு வருவாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, சைக்கிள்ல. அண்ணன் ஒரு ரீலு, தம்பி அடுத்த ரீலு, மாத்தி மாத்தி.”

“ஒழுங்கா வந்துடுமா?” என்று மகள் கேட்டாள்.

“மதியம் டாண்ணு வரும். சாயங்காலம்தான் வம்பு. ரயில்வே கேட்டை மூடினா ஒண்ணு போனதும் இன்னொண்ணு வரும், திறக்கவே மாட்டான். அண்ணன்காரன் சட்டத்தை மதிக்கிறவரு, கேட்டுலயே நிப்பாரு. தம்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது, பெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு நடைபாலம் ஏறி இறங்கி வந்துடுவாரு. தம்பிகிட்ட இருக்கறது கடைசி ரீலு. அண்ணன்கிட்ட அதுக்கு முந்தினது.”

“அப்ப?”

“அப்ப என்ன? கீழ விசிலடிக்கிறான். முதலாளி வந்து, கையில இருக்கறதை ஓட்டுய்யான்னாரு. ஓட்டினேன். அது முடியறதுக்குள்ள கேட்டு திறந்து அண்ணன் வந்துடுவாரு. முந்தினதைப் பிந்தினதா ஓட்டிடுவேன். தினமும் சாயங்காலம் அதே கதைதான்.”

“கடைசி ரீலோட முடிவுல படம் முடிஞ்சதுன்னு அட்டை வருமே?”

“லென்சை உள்ளங்கையால மூடிடுவேன். அண்ணனோட ரீலும் ஓடி முடிஞ்சதும் விளக்கைப் போட்டுருவேன். விளக்கு எரிஞ்சா எந்திரிச்சுப் போகணும்னு ஜனங்களுக்குத் தெரியாதா?”

“யாரும் கேக்கலையா?”

“மறதிப் படம்தானேம்மா. படமும் கொஞ்சம் குழம்பித்தான் இருக்கும்னு நினைச்சிருப்பாங்க. ஒருத்தர் மேல வந்து கை கொடுத்துட்டுப் போனாரு.”

(அடிக்குறிப்பு போட வேண்டிய இடம். மாலைக் காட்சி பார்த்துவிட்டுக் குழப்பத்தில் வெளியேறிய ஒருவர் வேறொரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார் என்றும், அந்த வீட்டார் கூச்சத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றும், அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார் என்றும் பேச்சு உண்டு. அவரை எனக்குத் தெரியும். அவருக்கு ரேஷன் அட்டைகூட அங்கேதான்.)

6

ஆக, மதியக் காட்சியில் அவள் முதலில் போகிறாள், அவன் பிறகு அடையாளம் காண்கிறான். மாலைக் காட்சியில் அவன் அடையாளம் கண்ட பிறகு அவள் போகிறாள். என் ஞாபகம் சரி. அவள் ஞாபகமும் சரி. படியிறங்கும்போது நான் வெற்றி வீரனைப் போல இறங்கினேன்.

“பாத்தியா, ரெண்டு பேருக்குமே மறதி இல்லை.”

மகள் கடைசிப் படியில் நின்றாள். “அப்பா, நீங்க பாத்தது மதியக் காட்சி. அம்மா பாத்தது மாலைக் காட்சி. அப்ப ரெண்டு பேரும் எப்படிப் பக்கத்துல பக்கத்துல உக்காந்தீங்க?”

டயர் கடைக்காரர் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ‘முடிஞ்சுதா’ன்னு என்கிட்ட கேட்ட பொண்ணு யாரு?” என்றேன்.

“என்கிட்ட ‘அப்படித்தான் நினைக்கிறேன்’னு சொன்ன ஆளு யாரு?” என்றாள் என் மனைவி. “நானும் அப்பப்ப நினைச்சதுண்டு. அவரு கொஞ்சம் உயரமா இருந்த மாதிரிதான் இருந்தது.”

“உக்காந்திருந்தேனே, உயரம் எப்படித் தெரியும்?”

“உக்காந்தே உயரமா இருந்தாரு.”

வீடு வந்து சேரும்வரை அவள் என் முகத்தை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே வந்தாள். விளையாட்டுக்குத்தான் என்று நினைக்கிறேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒன்று, எங்களில் ஒருவர் முடிவை மாற்றி ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் முதல் சந்திப்பே நடக்கவில்லை. ஒருவேளை நான் இரண்டு காட்சியும் பார்த்திருக்கலாமோ என்று மகளிடம் கேட்டுப் பார்த்தேன். “இந்த மாதிரி பேசறவங்களுக்கு நாங்க இழப்பீடு தர்றதில்லை” என்றாள். மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

அன்று மாலை அடுப்படியில் நான் மெதுவாகச் சொன்னேன்: “எனக்குத்தான் மறதின்னு சொல்லிடறேன். நீ இருக்கே, பாத்துப்பே. வீடு தங்கும்.”

“நான் அதையேதான் சொல்லலாம்னு இருந்தேன்.”

“ரெண்டு பேரும் சொன்னா வீடு போயிடும்.”

“அப்ப நீங்க சொல்லாதீங்க.”

“நீ சொல்லாதே.”

யார் சொல்வது என்று முடிவாகவில்லை. முடிவாயிருந்தால் அதை நான் மறந்துவிட்டேன்.

7

[இந்தப் பகுதியை மருத்துவமனை வர்ணனையுடன் ஆரம்பித்திருந்தேன். வெள்ளைச் சுவர், பினாயில் வாசனை, சக்கர நாற்காலியின் கிரீச்— எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். தாண்டிப் போகலாம்.]

மருத்துவர் சின்னப் பெண், என் மகளைவிட இளையவள். எங்கள் இருவரையும் ஒன்றாகவே உட்கார வைத்தாள். கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தோம். சில பொருட்களின் பெயரைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். நான் விட்டதை மனைவி சொன்னாள், அவள் விட்டதை நான் சொன்னேன். “ஒருத்தருக்கொருத்தர் எடுத்துக் கொடுக்கக் கூடாது” என்றாள் மருத்துவர். இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரு காலையில் விடச் சொன்னால் எப்படி?

அப்புறம் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். “ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்க. எது வேணும்னாலும் எழுதலாம். முழு வாக்கியமா இருந்தா போதும்.”

என் மனைவி சட்டென்று எழுதிக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு வாழ்நாளில் இவ்வளவு சுதந்திரமான அழைப்பு எந்தப் பத்திரிகையிலிருந்தும் வந்ததில்லை. எழுதினேன்:

இன்று காலை என் மனைவியும் நானும்

அடித்தேன். தட்டையாக இருந்தது.

கடிகாரம் வரையத் தெரிந்தவனுக்கு நேரம்

தத்துவம் பேசுகிறது. அடித்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்மணியை நான் முதன்முதலாக

அடித்தேன். மருத்துவர் என் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு கனிவு வந்தது. எனக்கு அந்தக் கனிவு பிடிக்கவில்லை.

“சார், ஒரு வாக்கியம்தான்.”

“ஒண்ணுதானேம்மா கஷ்டம்?” என்றேன்.

அவள் இரண்டு காகிதங்களையும் எடுத்துப் பார்த்தாள். “தாளை மட்டும் வச்சுச் சொல்ல முடியலை. ரெண்டு பேருமே வயசுக்கேத்த மாதிரி அங்கங்க விடறீங்க” என்றாள். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. இப்படி ஆரம்பிக்கறது, முடிக்காம விடறது, மறுபடி ஆரம்பிக்கறது. இவரு எப்பவுமே இப்படித்தானா, இல்ல இப்பத்தானா?”

மகள் கதவருகில் நின்றிருந்தாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

8

அவள் சொன்ன பதிலை எழுதிப் பார்த்தேன்.

“எப்பவுமே இவரு இப்படித்தான்” என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால் பாலை வைத்தவள் அவள், முடிவை மாற்றி ஞாபகம் வைத்தவளும் அவள். நான் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. வீடு தங்கும்.

“இப்பத்தான் கொஞ்ச நாளா” என்று சொல்லியிருந்தால் மறதி எனக்கு. அவள் என்னைப் பார்த்துக்கொள்வாள். அப்போதும் வீடு தங்கும்.

“எனக்கு ஞாபகம் இல்லையே” என்று சொல்லியிருந்தால் இருவருக்கும். வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

மூன்றையும் தனித்தனியாக, குரல், முகம், கை அசைவு எல்லாம் வைத்து எழுதினேன். மூன்றும் நன்றாக வந்திருக்கின்றன. அதுதான் தொல்லை. முதலாவதில் அவள் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். இரண்டாவதில் குனிந்து சொல்கிறாள். மூன்றாவதில் மருத்துவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொல்கிறாள். மூன்றும் என் காதில் அவள் குரலில்தான் கேட்கின்றன.

அவள் அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான். மற்ற இரண்டும் நான் எழுதியவை. எது சொன்னது, எது எழுதியது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் இப்போது இருக்கும் வீட்டைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். நாங்கள் மகள் வீட்டில் இருக்கிறோம். “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்க” என்று கூட்டி வந்திருக்கிறாள். எந்த மகளும் அப்படித்தான் கூப்பிடுவாள். காலையில் இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை தருகிறாள், சத்து மாத்திரை என்கிறாள். மாப்பிள்ளையிடம் சாடையாகக் கேட்டால், “உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க மாமா” என்கிறார். இதிலிருந்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

மனைவியிடமே கேட்கலாம். ஒரு வார்த்தை, கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் கேட்டால், அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சொன்ன பதில் முதலாவதாக இருந்தால், அந்த ஒரு கேள்வியோடு அதை நான் பொய்யாக்கிவிடுவேன். அவள் என்னை நம்பித்தானே அதைச் சொல்லியிருப்பாள்.

நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். அவள் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்கள், அவள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்கு ஓரளவு பிடிபட்டிருக்கும். அன்றைக்கு என்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாள்?

மெதுவாகச் சொல்லுங்கள். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.